கிளாரினெட்டிலிருந்து சோப்ரானோ சாக்ஸபோனுக்கு: மவுத்பீஸை மாற்றுவதற்கு முன்

கேள்வி இது. பல ஆண்டு கிளாரினெட், நடுவில் கொஞ்ச காலம் ஆல்டோ சாக்ஸபோன்; இப்போது நேர்க்குழாய் சோப்ரானோ ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மேல் ஸ்தாயி முழுக்கச் சுருதி ஏறி நிற்கிறது. ஒலி மூக்கடைத்து ஒல்லியாக வருகிறது. கீழே பி, பி ஃபிளாட் இரண்டும் பாதி நேரம் பேசுவதில்லை, அல்லது ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடுகின்றன. கால் மணி நேரத்தில் உதடு ஓய்ந்துபோகிறது. வேறு மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) வாங்கினால் சரியாகுமா, வாங்குவதென்றால் எதை?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இந்த நான்கு தொல்லைக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கை சோப்ரானோவுக்கு வந்துவிட்டது, வாய் இன்னும் கிளாரினெட்டிலேயே இருக்கிறது. புது மவுத்பீஸ் அதைச் சில வாரம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். கருவியில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நேர் சோப்ரானோவின் உருவமே ஆளை ஏமாற்றும். கிளாரினெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் நீளம் ஏறக்குறைய ஒன்று. இரண்டும் பி ஃபிளாட் கருவிகள். எழுதியிருக்கும் சி-யை வாசித்தால் இரண்டிலும் பியானோவின் பி ஃபிளாட்தான் கேட்கும். இரண்டுக்கும் ஒற்றை ரீட், மவுத்பீஸில் அதிரும் நாணல் தகடு. ஆனால் உள்துளை வேறு. கிளாரினெட்டின் துளை பெரும்பகுதி ஒரே அகலமுள்ள உருளை. சோப்ரானோவின் துளை மேலிருந்து கீழ்வரை விரிந்துகொண்டே போகும் கூம்பு. அதனால்தான் கிளாரினெட்டில் மேல் சுரங்களுக்குத் தாவ உதவும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் கீழ் எஃப் ஒரு ஸ்தாயியையும் தாண்டி மேலே இருக்கும் சி ஆகிறது. சாக்ஸில் ஆக்டேவ் கீயை அழுத்தினால் அதே சுரம் சரியாக ஒரு ஸ்தாயி ஏறுகிறது. சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அடோல்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் தேடியதும் இதைத்தான், ரீட் வைத்த கூம்பு. அவரே கிளாரினெட் குடும்பத்தைத் திருத்தி அமைத்தவர் என்பதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

வாசிப்பவருக்கு இதனால் என்ன? கிளாரினெட் வாசிப்பவர், அந்த மவுத்பீஸ் தரக்கூடிய சுருதியின் உச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார். உதட்டைத் தளர்த்தினால் கொஞ்சம் இறக்கலாம், ஏற்ற இடமில்லை. பிடிப்பு உறுதியாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லி வளர்ப்பதும் அதற்காகத்தான். சாக்ஸில் வாசிக்க வேண்டிய இடம் உச்சி கிடையாது, அதிலிருந்து நன்றாகவே கீழே. அங்கேதான் கூம்பு தன் முழு ஒலியைக் கொடுக்கும். நீங்கள் கிளாரினெட் பழக்கத்தில் உச்சிக்குப் போய் நின்றால் சுருதி ஏறும், ஒலி மெலியும், கீழ்ச் சுரங்கள் மேலே தாவும், தாடை வலிக்கும். நான்கும் ஒன்றாக வருவது இப்படித்தான்.

கிளாரினெட், மற்ற சாக்ஸபோன் என்ற இரு வழியிலிருந்தும் ஜாஸின் பெரிய ஆட்கள் இந்தக் கருவிக்கு வந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிட்னி பெஷே கிளாரினெட்காரர். 1920-ஐ ஒட்டி லண்டனில் இருந்தபோது நேர் சோப்ரானோ ஒன்றை வாங்கி, கடைசிவரை அதைத் தன் முதன்மைக் கருவியாக்கிக்கொண்டார். ஜான் கோல்ட்ரேன் டெனார் சாக்ஸபோனிலிருந்து வந்தவர்; 1960 அக்டோபரில் பதிவான 'மை ஃபேவரிட் திங்ஸ்' வெளிவந்த பிறகுதான் ஜாஸில் சோப்ரானோ பக்கம் கூட்டம் திரும்பியது. இவர்களுக்கு நடுவில் ஸ்டீவ் லேசி, 1950-களிலேயே மற்றக் கருவிகளை ஒதுக்கிவிட்டு சோப்ரானோவையே பிடித்துக்கொண்டவர். மூவரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பெஷேயின் வைப்ராட்டோ (சுரத்தின் அசைவு) அகலமானது, ஒலி அறையை நிரப்பும். கோல்ட்ரேனிடம் இறுக்கமும் கூர்மையும். லேசியிடம் வறண்ட, நேரான சுரம். ஆகவே 'சோப்ரானோ ஒலி' என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஒலி கிளாரினெட் சாயலில் இருந்தாலும் குற்றமில்லை. சுருதி மட்டும் தப்பக் கூடாது.

சுருதி ஏன் இந்தக் கருவியில் இவ்வளவு பெரிய பேச்சாக இருக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. விரல் எதையும் வைக்காமல் வரும் நடு சி ஷார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்ரானோவில் அது ஏறக்குறைய 494 ஹெர்ட்ஸ். அதற்கு வேண்டிய குழாய் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். டெனாரில் அதே விரல்வைப்புக்கு 70 சென்டிமீட்டர். மவுத்பீஸை அது செருகியிருக்கும் கார்க்கில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் டெனாரில் சுமார் 2.5 சென்ட் மாறும், சோப்ரானோவில் 5 சென்ட். அரைச்சுரம் ஒன்று 100 சென்ட் என்பதை வைத்துப் பார்த்தால் பெரிய தொகை இல்லை என்று தோன்றும். ஆனால் உதடு, தாடை, நாக்கு, தொண்டை எதில் தவறினாலும் இப்படித்தான் பெருகும். ஆல்டோவில் யாரும் கண்டுகொள்ளாத நடுக்கம் சோப்ரானோவில் பக்கத்து நாற்காலிக்காரரைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

அதே கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. கீழ் பி ஃபிளாட்டுக்கு வேண்டிய நீளம் 80 சென்டிமீட்டருக்கும் மேல். ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் அங்கே 2 சென்ட்தான் மாறும். உதட்டை இறுக்கி வாசிப்பவர்கள் பொதுவாக என்ன செய்கிறார்கள்? சுருதி காட்டும் டியூனரைப் பார்த்து, சுருதி ஏறியிருக்கிறதே என்று மவுத்பீஸை வெளியே இழுக்கிறார்கள். நான்கு மில்லிமீட்டர் இழுத்தால் சி ஷார்ப் 20 சென்ட் இறங்கும், கீழ் பி ஃபிளாட் 8 சென்ட்தான் இறங்கும். இப்போது கருவிக்குள்ளேயே ஒரு சுரத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகாது. 'இந்தக் கருவியே சுருதி சரியில்லாதது' என்ற முடிவுக்கு வருவது அதற்கடுத்த படி. பழைய, மலிவான கருவிகளில் அப்படியும் இருக்கலாம். ஆனால் குற்றம் சாட்டப்படும் சோப்ரானோக்களில் பல நிரபராதிகள்.

சரி, வாய் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மவுத்பீஸை மட்டும் கழற்றி எடுங்கள். ரீட், அதைப் பிடித்திருக்கும் லிகேச்சர் இரண்டும் அப்படியே இருக்கட்டும். வழக்கமாக வாசிக்கும் அதே உதட்டுப் பிடிப்போடு, நல்ல முழுக் காற்றோடு ஊதுங்கள். டியூனர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சோப்ரானோ மவுத்பீஸ் தனியாகத் தர வேண்டியது பியானோவின் நடு சி-க்கு இரண்டு ஸ்தாயி மேலே இருக்கும் சி, அதாவது ஏறக்குறைய 1046 ஹெர்ட்ஸ். ஆல்டோ மவுத்பீஸுக்கு ஏ, டெனாருக்கு ஜி, பாரிடோனுக்கு டி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. சாக்ஸ் ஆசிரியர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் அளவுகோல் இது. கிளாரினெட்டிலிருந்து வருபவர்களுக்கு பெரும்பாலும் டி, சிலருக்கு அதையும் தாண்டி வரும். அந்த வித்தியாசம்தான் உங்கள் கேள்விக்கான பதில்.

அதை சி-க்கு இறக்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உதட்டின் ஓரங்களைத் தளர விட்டாலும் சுருதி இறங்கும். ஆனால் ஓரத்தில் காற்று ஒழுகும், ஒலி சப்பென்று ஆகிவிடும். இறங்க வேண்டியது தாடை. முதலில் வாய்க்குள் எதையும் வைக்காமல் 'ஈ' என்று சொல்லுங்கள். நாக்கின் நடுப்பகுதி மேலே எழும்பி, பக்கங்கள் கடைவாய்ப் பற்களைத் தொடும். நாக்கை அங்கேயே விட்டுவிட்டு உதட்டை மட்டும் 'ஊ' சொல்லும் வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கன்னத்து ஓரங்கள் பின்னால் இழுபடாமல் முன்னால், மவுத்பீஸை நோக்கி, எல்லாப் பக்கமும் சமமாகக் கூடும். கீழ்ப்பற்கள் ரீடை நோக்கி மேலே முட்டாமல் இருக்க, பற்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். இந்த நிலையோடு மவுத்பீஸை வாயில் வைத்து ஊதினால் சி-க்கு அருகில் வரும். வந்த சி-யைப் பிடித்துக்கொண்டு, உதட்டை அசைக்காமல் நாக்காலும் தொண்டையாலும் மட்டும் பி, பி ஃபிளாட், ஏ, முடிந்தால் ஜி வரை வழுக்கி இறங்கி, மறுபடி ஏறுங்கள். ஆரம்பத்தில் ஒரு சுரம் இறங்குவதற்குள் ஒலி உடையும். உடையட்டும். தினம் ஐந்து நிமிடம் போதும். வீட்டில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் தாங்காது.

ஆல்டோ, டெனாரில் நாக்கு இன்னும் தாழ்வாக இருக்கும். சோப்ரானோவுக்கு நாக்கு கிளாரினெட்டின் உயரத்துக்கு அருகிலும், தாடை ஆல்டோவின் தளர்ச்சிக்கு அருகிலும் இருக்க வேண்டும். இரண்டும் வாசித்திருக்கும் உங்களுக்கு இது வசதிதான். ஒன்றிலிருந்து நாக்கையும் இன்னொன்றிலிருந்து தாடையையும் எடுத்துக்கொள்ளலாம். வெறும் ஆல்டோவிலிருந்து வருபவர்களுக்குத் தொல்லை நேர் எதிராக வரும். மேல் ஸ்தாயி தொங்கும், பாம் கீ (இடது உள்ளங்கையால் திறக்கும் கீ) சுரங்கள் ஆடும், மவுத்பீஸை அளவுக்கு மீறி வாய்க்குள் விட்டுக்கொள்வார்கள், டெனாருக்கு ஊதும் அளவு காற்றை இந்தச் சின்னத் துளைக்குள் தள்ளுவார்கள். அவர்கள் மவுத்பீஸை மட்டும் ஊதினால் பி அல்லது அதற்கும் கீழே வரும். அங்கிருந்து சி-க்கு ஏற்ற வேண்டும், தாடையைக் கடிக்காமல், நாக்கை உயர்த்தி.

புல்லாங்குழலிலிருந்து வருபவர்களுக்கு விரல்வைப்பு பெருமளவு கைவசம் இருக்கும். இல்லாதது ரீடைத் தாங்கும் உதட்டுத் தசை. அதற்குக் குறுக்கு வழி இல்லை, நாளாக வேண்டும். மெல்லிய ரீடில் தொடங்கி, வலிப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும். ஓபோக்காரர்களுக்கு விரலும் பழக்கம், குறுகிய துளைக்குள் காற்றை அழுத்திச் செலுத்துவதும் பழக்கம். அந்த அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தாலே அவர்கள் ஒலி திறந்துவிடும்.

வாய்க்கு அடுத்தபடியாகக் கோணம். இதை ஏனோ பலர் கண்டுகொள்வதில்லை. கிளாரினெட்டை உடம்புக்கு நெருக்கமாக, கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிக்கிறோம். மவுத்பீஸ் கீழிருந்து மேல்நோக்கி வாய்க்குள் வருகிறது. ஆல்டோவில் அது கிட்டத்தட்ட கிடைமட்டமாக வருகிறது. நேர் சோப்ரானோவைக் கிளாரினெட் கோணத்தில் பிடித்தால் கீழுதட்டில் ரீட் அழுந்தி, நீங்கள் தளர்த்தி வைத்த தாடையின் வேலையைக் கோணமே கெடுத்துவிடும். கருவியை முன்னே தூக்குங்கள். எவ்வளவு என்பதற்கு அளவு சொல்ல முடியாது, பற்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் சோதித்துப் பார்க்கலாம்: நடு ஜி-யை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கருவியின் வாயை (விரிந்த கீழ்முனையை) மெல்ல மேலே தூக்கிக் கீழே இறக்குங்கள். ஓரிடத்தில் ஒலி சட்டென்று அகலும். அந்த இடம் உங்களுடையது. தலையைக் குனிந்து அந்தக் கோணத்தைக் கொண்டுவர நினைக்காதீர்கள். தொண்டை மடங்கினால் காற்று தடைபடும்.

தூக்கிப் பிடித்தால் வலது கட்டைவிரல் கெஞ்ச ஆரம்பிக்கும். சோப்ரானோ ஒன்றேகால் கிலோவை ஒட்டி இருக்கும், கிளாரினெட்டைவிட நன்றாகவே கூடுதல், அதுவும் உடம்பிலிருந்து விலகி நிற்கும் எடை. வளையம் இருக்கிற கருவியென்றால் கழுத்துப் பட்டியை மாட்டிக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். கழற்றக்கூடிய கழுத்து (மவுத்பீஸ் மாட்டும் மேல்குழாய்) உள்ள மாடல்களில் நேர்க்கழுத்தோடு லேசாக வளைந்த கழுத்தும் சேர்ந்தே வருவதுண்டு. யமஹாவின் 875 வரிசை அப்படிப்பட்டது. வளைந்த கழுத்தைப் போட்டால் கருவியை அவ்வளவு தூக்க வேண்டியதில்லை. ஆல்டோ, டெனார்காரர்களுக்கு அது இயல்பாகப் பொருந்தும். 475 போன்ற ஒரே குழாயாக வரும் மாடல்களில் இந்தத் தேர்வு இல்லை, ஆனால் இணைப்பு இல்லாததால் அங்கே கசியும் என்ற கவலையும் இல்லை.

முழுக்க வளைந்த, குட்டி ஆல்டோ போல இருக்கும் சோப்ரானோவும் உண்டு. அதில் ஒலி நேராக வாசிப்பவரின் முகத்துக்கு வருவதால் தன் சுருதி தனக்குத் தெளிவாகக் கேட்கும். நேர்க்குழாயில் கருவியின் வாய் தரையைப் பார்ப்பதால் கீழ்ச் சுரங்கள் காலடியில் போய் விழும், நோட்ஸ் ஸ்டாண்டில் மோதித் திரும்பும். உங்களுக்குக் கேட்பதும் எதிரே இருப்பவருக்குக் கேட்பதும் ஒன்றல்ல. சுவரை நோக்கி, இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பயிற்சி செய்தால் ஓரளவு உண்மை தெரியும்.

விரல்கள் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆல்டோ வாசித்திருக்கிறீர்கள். கிளாரினெட்டிலிருந்து நேரே வருபவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: கிளாரினெட்டின் மேல் ரெஜிஸ்டரில் எந்த விரலுக்கு எந்தச் சுரமோ, பெரும்பாலும் அதுவே சாக்ஸில் இரண்டு ஸ்தாயிக்கும். இடது கை மூன்று விரல் வைத்தால் ஜி, இரு கையிலும் மூன்று மூன்று வைத்தால் டி. கீழ் ரெஜிஸ்டரில் அதே மூன்று விரல் சி என்று பழகிய கைதான் தடுமாறும். இடது கட்டைவிரலுக்கு மூட வேண்டிய துளை இல்லை, ஆக்டேவ் கீ மேல் உருண்டால் போதும்.

ஆல்டோக்காரர்களையும் திணறவைப்பது கீகளின் நெருக்கம். இடது உள்ளங்கைக்குக் கீழே மேல் டி, இ ஃபிளாட், எஃப் என்று மூன்று பாம் கீகள். பெரிய கை என்றால் ஏதோ ஒன்று தானாகத் திறந்துகொள்ளும். வலது கையில் பக்கவாட்டு பி ஃபிளாட், சி கீகளுக்கும் இதே கதி. நடுவில் ஒரு சுரம் காரணமில்லாமல் கிறீச்சிட்டால் ரீடைத் திட்டுவதற்கு முன் கையைப் பாருங்கள். இடது கையைக் குழாயோடு ஒட்டிப் பிடிக்காமல், உள்ளங்கையில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு விரல்களை வளைத்து வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கிளாரினெட்காரர்களுக்கு இது புதிதல்ல, விரல் நுனியால் துளையை மூடிப் பழகியவர்கள். இந்த ஒரு விஷயத்தில் பழைய பழக்கம் கைகொடுக்கும்.

இனி சுருதிப் பயிற்சி. டியூனர் ஊசியைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊசி அசைந்த பிறகு திருத்துவது கண்ணுக்குப் பயிற்சி, காதுக்கு அல்ல. ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் செயலி ஒன்றை வைத்து, அதற்கு எதிராக வாசியுங்கள். முதலில் அதே சுரம், பிறகு அதிலிருந்து ஐந்தாவது சுரம், பிறகு மேல் ஸ்தாயி. சுருதி சேராதபோது இரண்டு ஒலிக்கும் நடுவே 'வம் வம்' என்று ஓர் அலை எழும். நெருங்க நெருங்க அது மெதுவாகி, சேரும்போது மறையும். வாசிப்பதற்கு முன் அந்தச் சுரத்தை மனதுக்குள் கேட்டுவிட்டு, முடிந்தால் முனகிவிட்டு ஊதுங்கள். சோப்ரானோவில் சுரம் வாயை விட்டு வந்த பிறகு திருத்த நேரமில்லை. வேகமான பகுதியில் அது தவறாகவே வந்து தவறாகவே போய்விடும்.

எந்தச் சுரங்களில் கவனம் வைப்பது என்பது கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். விரலே இல்லாத நடு சி ஷார்ப் பல கருவிகளில் இறங்கி நிற்கும். அதற்கடுத்த டி, எல்லா விரலும் வைத்து ஆக்டேவ் கீயோடு வருவது, ஏறி நிற்கும். அடுத்தடுத்த இந்த இரண்டு சுரங்களையும் ஒரே பிடிப்பில், மெதுவாக, மாறி மாறி வாசித்தால் உதடு எப்போது தானாக இறுகுகிறது என்று பிடிபடும். பாம் கீ சுரங்களை எட்டிப் பிடிப்பதாக நினைக்காதீர்கள். டி-க்கு மேலே போகப் போகத் தாடை தானாக மேலே வரும்; அதைத் தடுத்து, காற்றின் வேகத்தை மட்டும் கூட்ட வேண்டும்.

இதற்கு நான் கண்டதில் நல்ல மருந்து மேற்சுரப் பயிற்சி. கீழ் பி ஃபிளாட் விரல்வைப்பை மாற்றாமல், ஆக்டேவ் கீயைத் தொடாமல், தொண்டையாலும் நாக்காலும் மட்டும் அதன் ஒரு ஸ்தாயி மேல் பி ஃபிளாட், பிறகு எஃப், பிறகு அதற்கும் மேல் பி ஃபிளாட், அதன் மேலே டி என்று வரவழைக்க வேண்டும். ஒவ்வொன்றும் வந்தவுடன், அதே சுரத்தை வழக்கமான விரல்வைப்பில் வாசித்து ஒப்பிடுங்கள். மேற்சுரமாக வந்த எஃப் தடிமனாகவும் வழக்கமான எஃப் மெலிந்து சுருதி ஏறியும் கேட்டால், வழக்கமான எஃப்புக்கு நீங்கள் கடிக்கிறீர்கள் என்று பொருள். மேல் டி சில வாரங்களுக்கு வராமல் போகலாம். முதல் மூன்றும் சுத்தமாக வந்தாலே கீழ் பி, பி ஃபிளாட் தொல்லை பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும், ஏனென்றால் கீழ்ச் சுரம் மேலே தாவுவதும் மேற்சுரம் வேண்டி வருவதும் ஒரே தசைகளின் வேலை.

குளிர்ந்த கருவியோடு டியூனரிடம் போகாதீர்கள். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும். சின்னக் கருவி சீக்கிரம் சூடாகும், கீழே வைத்தால் அதைவிடச் சீக்கிரம் ஆறும்.

இப்போது கசிவு. சோப்ரானோவின் மேல் பகுதியில் துளைகளை மூடும் பேட்கள் மிகச் சிறியவை. அங்கே மயிரிழை கசிந்தாலும் கீழ்ச் சுரம் முழுவதும் குழறும். உங்கள் கருவி மாதக்கணக்கில் பெட்டியில் இருந்ததென்றால் இதற்கு நிறையவே வாய்ப்பு உண்டு. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை பேடுக்கும் துளைக்கும் நடுவே வைத்து, கீயை மெல்ல மூடி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள்; எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். குறிப்பாக பாம் கீகள், மேல் ஆக்டேவ் துளை, ஜி ஷார்ப் கீ. பிடிப்பு தளர்ந்திருந்தால் மரக்காற்றுக் கருவி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். நீங்களாக ஸ்க்ரூவைத் திருகினால் ஒன்றைச் சரிசெய்யப்போய் மூன்று தளரும். கசிவுள்ள கருவியில் மேலே சொன்ன பயிற்சி எதைச் செய்தாலும், அந்தக் கசிவை வெல்ல உதட்டை இறுக்கும் பழக்கம்தான் வளரும்.

இதெல்லாம் முடிந்து, மவுத்பீஸ் தனியாக சி-யில் நிலையாக நிற்க ஆரம்பித்த பிறகு, புது மவுத்பீஸ் பற்றிப் பேசலாம். கருவியோடு வந்தது யமஹா 4சி போன்ற ஒன்றென்றால் அதில் பெரிய குறையில்லை; அடுத்த படிக்கு செல்மர் எஸ்80 சி ஸ்டார், வான்டோரன் எஸ்எல்3 போன்ற நடுத்தரத் திறப்பு (ரீட் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் உள்ள இடைவெளி) உள்ளவை பாதுகாப்பான தேர்வு. ஜாஸ் வாசிக்கப்போகிறேன் என்று எடுத்த எடுப்பில் அகன்ற திறப்புள்ள உலோக மவுத்பீஸுக்குத் தாவாதீர்கள். திறப்பு அகல அகல சுருதி உதட்டை நம்பியே நிற்கும், அந்த உதடுதான் இன்னும் தயாராகவில்லை. ரீட் விஷயத்தில், அதன் கடினத்தைக் காட்டும் கிளாரினெட் எண்ணை இங்கே கொண்டுவர வேண்டாம். கிளாரினெட்டில் மூன்றரை வாசிப்பவர் இங்கே இரண்டரையில் தொடங்கி, தேவைப்பட்டால் மூன்றுக்குப் போகலாம். கடினமான ரீடுக்குக் கடித்துத்தான் ஒலி வரும், பழைய நோய் திரும்பும். கிளாரினெட் ரீடை சோப்ரானோ மவுத்பீஸில் மாட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு. சிலருக்குப் பொருந்துகிறது, ஆனால் இரண்டின் வெட்டும் ஒன்றல்ல. கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரு குழப்பம் குறைவாக இருப்பது நல்லது.

என்ன வாசிப்பது என்று கேட்டால், சாக்ஸ் குவார்டெட்டில் சோப்ரானோ பகுதி கிடைத்தால் விடாதீர்கள். சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாரிடோன் நால்வர் அமைப்பில் மேல் குரல் உங்களுடையது. மற்ற மூவரின் சுருதி உங்களைச் சும்மா விடாது. தனியாக என்றால் மெதுவான மெட்டுகள். ராவேலின் 1928 'பொலேரோ'வில் டெனார் தனியாக வாசித்து முடித்ததும் வரும் மெட்டு எஃப் சோப்ரனினோவுக்கு (சோப்ரானோவைவிடச் சின்ன சாக்ஸபோன்) எழுதப்பட்டது. அந்தக் கருவி புழக்கத்தில் இல்லாததால் இன்று பி ஃபிளாட் சோப்ரானோவில்தான் வாசிக்கிறார்கள். மேல் ஸ்தாயியில் கடிக்காமல் பாட முடிகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல பரிசோதனை குறைவு. வேகமான பயிற்சிகளில் சுருதிக் குறை ஒளிந்துகொள்ளும் என்பதால் அவற்றைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

மைக் முன்னால் வாசிக்க நேர்ந்தால், கருவியின் வாய்க்கு மட்டும் மைக் வைக்க விடாதீர்கள். நேர் சோப்ரானோவில் கீழ்க்கடைசிச் சில சுரங்களைத் தவிர மற்றவை பக்கத்துத் துளைகளிலிருந்தே பெரும்பாலும் வெளிவருகின்றன. வாயில் வைத்த மைக்கில் கீழ்ச் சுரம் மட்டும் வெடிக்கும், மற்றவை தூரத்தில் கேட்கும். குழாயின் நடுப்பகுதியைப் பார்த்து, ஒரு முழம் தள்ளி ஒரே மைக் வைத்தாலே சமமாக வரும். இரண்டு கிடைத்தால் ஒன்று நடுவுக்கு, ஒன்று வாய்க்கு.

கிளாரினெட்டையும் விட்டுவிட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், விடவும் தேவையில்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று மாதம் ஒரே அமர்வில் இரண்டையும் எடுப்பதானால் சோப்ரானோ முதலில், கிளாரினெட் பிறகு. தளர்ந்த வாயிலிருந்து இறுக்கத்துக்குப் போவது எளிது. எதிர்த்திசையில் போனால் சோப்ரானோவின் முதல் பத்து நிமிடம் வீண். மேடையில் இந்த வசதி இருக்காது, நிகழ்ச்சி நிரல் சொல்லும் வரிசையில்தான் மாற்ற வேண்டும். அதற்கு, கிளாரினெட்டை வைத்துவிட்டு சோப்ரானோவை எடுக்கும்போது, ஊதாமலே 'ஈ'யிலிருந்து 'ஊ'வுக்கு உதட்டை ஒருமுறை கொண்டுபோய், கீகளை மூடிக் குழாய்க்குள் இதமான காற்றை விட்டு, ரீடை ஈரப்படுத்திக்கொள்ளுங்கள். முதல் சுரம் மேல் ஸ்தாயியில் இருந்தால் அதை மனதுக்குள் கேட்ட பிறகே ஊதுங்கள்.